கம்பியில் கோத்த கடிதமும் கண்டத்தில் கோத்த கீர்த்தனமும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு "ஓர் இசைப் பேராசிரியரின் வாழ்வும் கடிதங்களும்" என்னும் பொருளை அன்புடன் குறித்து அனுப்பிய செயலாளர் அவர்கள், எந்தப் பேராசிரியர் என்பதை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். காஞ்சியில் நின்றுகொண்டு பேசுகிறவனுக்கு அதில் அதிக யோசனை வேண்டியதில்லை. இந்த ஊர் வித்வான் ஒருவரின் வீட்டில் அப்பியாசம் செய்து, சென்னையில் அரசாங்கக் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்து, கடல் கடந்த பல்கலைக்கழகத்திலும் பாடம் சொல்லித் திரும்பிய டி. பிருந்தா அம்மையாரைப் பற்றியே பேசுவது என்று அன்றே நிச்சயித்துக்கொண்டேன். ஆனால் தலைப்பிலுள்ள இரண்டாவது சொல்தான் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. சங்கீத வித்வான்களுக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு நான் முதலில் விடை தேடியது புத்தக சாலையில் அன்று. எங்கள் பழைய வீட்டுக் கூடத்துத் தூணில். என் பாட்டனார் பட்டு வியாபாரி. அக்காலத்துக் கடைக்காரர்கள் எல்லோரையும் போல, வந்த கடிதங்களை அடியில் வட்டமாக மரத்துண்டு பொருத்திய ஒரு கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைப்பார். 1879-இல் காலணா அஞ்சலட்டை இந்நாட்டில் வந்ததிலிருந்து வியாபாரமும், கலியாணமும், கருமாதியும் அதிலேதான் நடந்தன. உற்சவ காலத்தில் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அவரிடத்தில் இருந்ததால், ஜரிகை விலைக்கும் நூல் பாக்கிக்கும் நடுவே வித்வான்களின் அட்டைகளும் அக்கம்பியில் ஏறியிருந்தன. பிள்ளைப் பிராயத்தில் பேராவலோடு ஒவ்வொன்றாக உருவிப் படித்தேன். எந்த ரயிலில் வருவது, எத்தனை பேர் வருவது, யாருக்கு ராத்திரி அரிசிச் சோறு ஆகாது, தம்புராவைத் தூக்கிவர ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டும், போன வருஷத்துப் பாக்கி பதினைந்து ரூபாயை மறந்துவிட வேண்டாம் என்பவையே அவற்றில் இருந்தன. ராகத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அன்று உண்டான ஏமாற்றத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஐரோப்பிய சங்கீதத்தின் சரித்திரத்தைப் படிப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் இல்லை. மோஸார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டே அவருடைய வாழ்வின் பல பகுதிகளை எழுதிவிடலாம். பேத்தோவன் தமக்குச் செவிப்புலன் குன்றி வருவதை 1802-இல் தம் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதம், அவர் காலமான 1827-க்குப் பிறகு அவருடைய காகிதங்களின் நடுவே அகப்பட்டது. நம்மிடையேயும் தமிழ்ப் புலவர் உலகம் கடிதத்தைப் போற்றிய உலகந்தான். உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை எவ்வளவு பத்திரமாகக் காத்து வைத்தார் என்பதை அறியாதார் இல்லை. அவரும் சங்கீத வித்வானின் குமாரரே. அப்படியிருக்க, பாடுகிறவர்கள் மட்டும் ஏன் எழுத்தில் இவ்வளவு கஞ்சத்தனமாக இருந்தார்கள்? கல்வியின்மை என்று சிலர் சொல்வார்கள். தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும் தமிழும் கலந்த ஆயிரம் உருப்படிகளைப் பொருளுணர்ந்து பாடம் பண்ணியவர்களைக் கல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டியதாக இருந்த விஷயம் தபாலில் போகக்கூடியதாக இல்லை என்பதே சரியான காரணம் என்று எண்ணுகிறேன்.

இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அது இந்தக் காஞ்சியிலிருந்தே புறப்பட்டது என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கலாம். நூற்றெட்டு உபநிஷதங்களுக்கும் உரை வரைந்த உபநிஷத் பிரம்மம் என்னும் துறவி இவ்வூரில் மடம் அமைத்து வாழ்ந்தவர். முத்துஸ்வாமி தீட்சிதர் இங்கே தங்கியிருந்த காலத்தில் அவரிடம் வேதாந்த சிரவணம் செய்ததாகவும், அவர் இயற்றிய ராமாஷ்டபதிக்கு வர்ணமெட்டு அமைத்ததாகவும் சுப்பராம தீட்சிதர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் துறவி திருவையாற்றிலிருந்த தியாகராஜ ஸ்வாமிகளின் தந்தையாருக்கு நண்பர். நண்பரின் குமாரர் பாடகராகப் பிரசித்தி பெற்றதைக் கேள்வியுற்று, காஞ்சிக்கு வருமாறு ஒரு ஸ்ரீமுகம் விடுத்தார். மடாதிபதிகள் விடுக்கும் கடிதத்துக்குத்தான் ஸ்ரீமுகம் என்று பெயர். எழுத்தில் வந்தாலும் அதை முகமென்றே மதித்தார்கள் என்பது அப்பெயரிலேயே இருக்கிறது. 1839-ஐ ஒட்டியதாகச் சொல்லப்படும் யாத்திரையில் ஸ்வாமிகள் காஞ்சிக்கு வந்தார். வரதர்மேல் ஸ்வரபூஷணியிலும் காமாட்சியின்மேல் மத்யமாவதியிலும் அவர் பாடியவை அந்த அழைப்பு நமக்குச் சம்பாதித்துக் கொடுத்த செல்வங்கள். காஞ்சிக்கு அனுப்பப்பட்ட பதில் கடிதங்கள் அவையே என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஸ்ரீமுகத்தின் நகலைக் காத்தவர்கள் யார் என்பதுதான் நெசவுத்தொழில் நிறைந்த இவ்வூரார் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது. ஸ்வாமிகளின் சிஷ்யர் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரரும் எழுதி வைத்த ஏடுகளிலும் நோட்டுகளிலும்தான் அது கிடைத்தது. அச்சேகரம் பிற்காலத்தில் மதுரை ஸௌராஷ்டிர சபையைச் சென்று சேர்ந்தது. பாகவதர் பட்டு நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட ஸௌராஷ்டிர சமூகத்தில் பிறந்தவர். பாவில் ஓரிழை அறுந்தாலும் உடனே முடிந்துவிட்டு மேலே நெய்ய வேண்டும் என்னும் பழக்கம் கைகளில் ஊறியவர்கள், குருநாதரின் கீர்த்தனங்களில் ஒரு சங்கதி நழுவினாலும் பொறுப்பார்களா? இது என் கற்பனையே. ஆயினும் அந்த நோட்டுகளை நினைக்குந்தோறும் எனக்கு இவ்வாறே தோன்றுகிறது.

பிருந்தா அம்மையாரைச் சொல்ல வந்தவன் இவ்வளவு தூரம் சுற்றுகிறானே என்று முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. அவரிடம் போவதற்கு முன் அவருடைய ஆசிரியரின் வாசலைத் தாண்டியே போக வேண்டும்.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை என்று உலகம் அறிந்த சுப்பிரமணிய பிள்ளை 1889-இல் பிறந்தவர். இவருடைய தாயார் காமாட்சி அம்மாளும் தாயாரின் சகோதரி தனகோடி அம்மாளும் சேர்ந்து பாடிப் பெரும் புகழ் கொண்டவர்கள். சங்கீதம் வீட்டிலேயே இருந்தாலும், இவர் இளமையில் தேகாப்பியாசத்திலும் மல்யுத்தத்திலும்தான் மோகங்கொண்டிருந்தார் என்பார்கள். பிறகு பாட்டின் பக்கம் திரும்பியபோது அந்தப் பயில்வானுடைய பிடிவாதம் முழுவதும் லயத்தின் பக்கம் திரும்பியது. ஒரு வயலினும் ஒரு மிருதங்கமும் அவருக்குப் போதவில்லை. கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்கள் மேடையை நிறைத்து உட்கார, நடுவே அவர் தொடையில் ஓங்கித் தாளம் போட்டுக்கொண்டு பாடுவார். உயர் நீதிமன்றத்துப் பேச்சு வழக்கிலிருந்து அதற்கு "ஃபுல் பெஞ்ச்" கச்சேரி என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிராவும் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோலும் அந்த நீதிமன்றத்தில் சாமான்யமான வக்கீல்கள் அல்ல. அவர்கள் விரிக்கும் கணக்கில் ஒரு மாத்திரை பிசகாமல் பல்லவியை எடுத்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஜனங்கள் வருவார்கள். திருப்புகழின் சந்தங்களை அவற்றுக்குரிய தாளங்களிலேயே பாடும் வழக்கமும் அவரிடம் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நிற்க விரும்புகிறேன். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் பல சொற்கட்டுகளைக் கணக்காக இணைத்து மூன்று முறை வாசித்து ஸமத்திலோ எடுப்பிலோ கொண்டுவந்து வைப்பதற்குக் கோர்வை என்று பெயர். பிள்ளையார்பாளையத்துத் தறியில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் அவரும் கோர்வை என்றே ஒன்றைச் சொல்வார்: சேலையின் உடல் ஒரு வர்ணமும் கரை வேறொரு வர்ணமுமாக இருக்கும்போது, மூன்று நாடாக்களை வைத்து, பக்கத்தில் ஒரு துணையாளும் உட்கார்ந்து, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி நெய்கிற வேலை அது. கரை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பது இவ்வூர்ப் பெருமை. நெசவாளரும் லயக்காரரும் ஒரே சொல்லை ஒரே அர்த்தத்தில் வழங்கும் ஊரில் நயினாப் பிள்ளை தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தோன்றாதிருந்தால் அல்லவா ஆச்சரியம்!

தியாகராஜ ஸ்வாமிகளிடத்தில் அவருக்கு இருந்த பக்தி அளவற்றது. ஆண்டுதோறும் காஞ்சியில் ஸ்வாமிகளின் உற்சவத்தை விமரிசையாக நடத்தி, வந்த வித்வான்களையெல்லாம் பாடவைத்து, தாமும் பாடுவார். அந்த உற்சவப் பந்தலில் உட்கார்ந்து கேட்ட ஒரு சிறுமியை நாம் மறக்கக்கூடாது. 1919-இல் பிறந்து இவ்வூரில் வளர்ந்த டி. கே. பட்டம்மாள், நயினாப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையேறிப் பாடம் கேட்டவர் அல்லர். பந்தலில் கேட்டதைக் காதிலேயே கட்டிக்கொண்டு போனவர். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவதைக் கண்டு முகஞ்சுளித்த காலத்தில் அவர் துணிந்து அதைப் பாடினார் என்றால், அந்தத் துணிவின் வித்து எங்கே விழுந்தது என்பதை அவரே பல முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். முகவரியில் பெயர் இல்லாதவர் கையில் கடிதம் சேர்ந்து, அவரே அதற்கு மிகவும் உரியவராகவும் இருந்துவிடுவது தபால் இலாகாவில் நடக்காது, சங்கீதத்தில் நடக்கும்.

நயினாப் பிள்ளை 1934-இல், நாற்பத்தைந்து வயதில் காலமானார். சென்னையில் கிராமபோன் கம்பெனிகள் வீதிக்கு வீதி பாடகர்களைத் தேடிய காலம் அது. ஆனாலும் அவருடைய குரல் ஒரு தட்டிலும் ஏறவில்லை. அகில இந்திய வானொலி சென்னையில் 1938-இல்தான் தொடங்கிற்று. ஆகவே அவருடைய சங்கீதத்தை நாம் அறிய வேண்டுமானால் அவர் எழுதியனுப்பிய கடிதங்களைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அவை அவருடைய சிஷ்யர்கள். அவருடன் இணைந்து பாடிப் பழகிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஒன்று. நம்முடைய பிருந்தா அம்மையார் மற்றொன்று.

இனி, அந்த இரண்டாவது கடிதம் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து இங்கே வந்தது என்று பாருங்கள். 1912-இல் பிறந்த பிருந்தா, வீணை தனம்மாளின் புதல்வி காமாட்சியின் மகள். சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் தனம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வாசிக்கும்போது, வந்திருக்கும் வித்வான்களும் வக்கீல்களும் மூச்சுவிடும் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நகத்தால் மீட்டாமல் விரல் நுனியால் தொட்டெழுப்பும் மெல்லிய நாதம்; மிருதங்கம் கிடையாது; சில வேளை தாமே மெல்லக் கூடப் பாடுவார். க்ஷேத்ரக்ஞருடைய பதங்கள் அவ்வீட்டில் சௌக்க காலத்தில், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போவதற்குள் கேட்பவரின் மனம் நூறு இடங்களுக்குப் போய்வரும்படி, பாடப்பட்டன. தாளம் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி இழையும் சங்கீதம் அது.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை, அத்தனை பக்கவாத்தியங்களின் நடுவே கணக்கோடு மல்லுக்கு நிற்கும் காஞ்சி வித்வானிடம் பாடங்கேட்க அனுப்பியதை எண்ணிப் பார்க்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள், "பதம் ஒருபுறம் இருக்க, கீர்த்தனங்களைச் சேகரிக்க அனுப்பினார்கள்" என்று முடித்துவிடுவார்கள். தியாகராஜ கீர்த்தனங்கள் நயினாப் பிள்ளையிடம் ஏராளமாக இருந்தன, அவற்றைப் பிருந்தா ஏராளமாகக் கற்றார் என்பது உண்மைதான். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை என்பது என் அபிப்பிராயம். சௌக்க காலத்தில் பதம் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லயத்தின் உண்மையான சோதனை எங்கே இருக்கிறது என்பது. வேகமாகப் பாடும்போது அட்சரங்களே தாளத்தைத் தாங்கிக்கொள்ளும், பக்கவாத்தியமும் கைகொடுக்கும். மிச்ர சாபுவில் ஒரு பதத்தை நிதானமாக எடுத்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள நீண்ட வெளியில் காலப்பிரமாணம் ஒரு மயிரிழையும் ஓடாமலும் தூங்காமலும் நடத்திச் செல்வதற்கு உள்ளே ஓர் அசையாத கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தொடையில் ஓங்கி அடித்துக் காட்டினால் நயினாப் பிள்ளை; அடிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டால் தனம்மாள். இரண்டும் ஒரே வஸ்து. பிருந்தா அம்மையாரின் கண்டத்தில் இவ்விரண்டும் கோர்வை இட்ட சேலையைப் போல, எங்கே உடல் முடிந்து கரை தொடங்குகிறது என்று கையால் தடவினாலும் தெரியாதபடி, இணைந்துவிட்டன. அவரும் தங்கை முக்தாவும் சேர்ந்து பாடிய ஒலிப்பதிவுகளைக் கேட்பவர்கள் இதற்குச் சாட்சி.

அந்தக் குடும்பத்துக்கும் காஞ்சிக்கும் இருந்த தொடர்பு பிருந்தாவோடு நிற்கவில்லை. அவருடைய பெரியன்னை ஜயம்மாளின் மகளான பாலசரஸ்வதி, நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-இல், ஏழு வயதில், அரங்கேறியது இவ்வூர் அம்மனாட்சி கோயிலில். சென்னையில் பிறந்து வளர்ந்த குழந்தையை இவ்வளவு தூரம் அழைத்துவந்து அரங்கேற்றினார்கள் என்றால், காஞ்சி ரசிகர்களின் தலையசைப்புக்கு அன்று இருந்த மதிப்பை உய்த்துணரலாம். அந்த ஊர் இது என்பதை இப்போது பஸ் நிலையத்தில் இறங்குகிறவர் உணர்வது கடினம்.

கல்லூரிக்கு வருவோம். நம் நாட்டில் சங்கீதம் கல்லூரிக்குள் நுழைந்தது இந்த நூற்றாண்டிலல்ல, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில். சென்னை ராணி மேரி கல்லூரியில் பி. சாம்பமூர்த்தி பாடம் நடத்தத் தொடங்கினார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார் போன்றோர் அமர்ந்தனர். 1949-இல் சென்னையில் மத்திய கர்நாடக சங்கீதக் கல்லூரி நிறுவப்பட்டு, முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் தலைமை ஆசிரியரானார். பிற்காலத்தில் அடையாற்றங்கரையில் பிராடி காஸில் என்னும் பழைய மாளிகையில் அது இடங்கொண்டது. அக்கல்லூரியிலே பிருந்தா அம்மையார் ஆசிரியையானார்.

இதைச் சாமான்யமான உத்தியோகச் செய்தியாகக் கடந்துபோகக்கூடாது. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை ராஜதானியில் நிறைவேறியது 1947-இல். கொடுமையை ஒழிக்க வந்த சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் எழுந்த ஆரவாரத்தில், தலைமுறை தலைமுறையாகச் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் காத்த குடும்பங்களின் வித்தையும் பழிக்குள்ளாயிற்று. மேடைகள் வேறு சமூகத்தார் கைக்குப் போயின. அத்தகைய வேளையில், அக்குடும்பங்களுள் ஒன்றிலே பிறந்த ஒரு பெண்மணி, அரசாங்கக் கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, கரும்பலகைக்கு முன்னே பாய் விரித்து உட்கார்ந்து, எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும் சரி என்று பதமும் கீர்த்தனமும் சொல்லிக்கொடுத்தார். தாம் வாரிசாகப் பெற்றதைத் தம்மை ஒதுக்கிய உலகத்துக்கே அவர் பகிர்ந்தளித்தார் என்று நான் சொல்வேன்.

அவருடைய பாடமுறை கடுமையானது என்பது பிரசித்தம். மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ள அவசரப்படுவதை அவர் விரும்பமாட்டார். முதலில் காதில் ஏற வேண்டும். கல்லூரிக்கு வெளியே அவரிடம் வந்து கற்றவர்களின் வரிசை இன்னும் விசேஷமானது. ராமநாதபுரம் கிருஷ்ணன் அவரிடம் கற்றார், எம். எஸ். சுப்புலட்சுமி பதங்கள் கற்றார். செம்மங்குடி சீனிவாசையர், தாம் வயதில் மூத்தவராகவும் புகழின் உச்சியில் இருப்பவராகவும் இருந்தும், அவரிடம் மாணவரைப்போல அமர்ந்து பாடங்கேட்டார். அதை ஒளிக்காமல் சொல்லவும் சொன்னார். பின்னாளில் அருணா சாய்ராம், சித்திரவீணை ரவிகிரண் முதலியோர் வந்தனர். 1976-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு ஸங்கீத கலாநிதி விருது அளித்தது. தனம்மாளின் பாணியை உலகம் முழுதாக ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. இதில் அகாடமி அவசரப்பட்டது என்று யாரும் குறைகூற முடியாது.

எழுத்தில் நம்பிக்கையற்ற பரம்பரை என்று இதுவரை பேசிவந்த நான், என் வாதத்துக்குப் பாதகமான ஒரு சான்றை இப்போது முன்வைக்க வேண்டியவனாக இருக்கிறேன். 1960-இல் மியூசிக் அகாடமி ஒரு ஜாவளித் தொகுப்பை வெளியிட்டது. தர்மபுரி சுப்பராயர், பட்டாபிராமையர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர் முதலியோர் இயற்றிய ஜாவளிகளை ஸ்வர தாளக் குறிப்போடு எழுதிக் கொடுத்தவர் பிருந்தா அம்மையார்தாம். தர்மபுரி சுப்பராயர் தனம்மாளின் வீட்டுக்கு நெருங்கியவர். ஆகவே அவருடைய ஜாவளிகள் அக்குடும்பத்தின் சொந்த உடைமைபோல. அதை அச்சில் ஏற்றத் துணிந்தார்களே என்று பழைய ரசிகர்கள் சிலர் அங்கலாய்த்ததுண்டு. அந்தப் புத்தகத்தைத்தான் நான் அவருடைய கடிதம் என்று கொள்கிறேன். காதால் கேட்கக் கொடுத்துவைக்காத, தாம் என்றும் காணப்போகாத ஒரு மாணவனுக்கு எழுதிய கடிதம்.

கடிதம் என்பதால் அதற்குரிய அடக்கமும் அதில் இருக்கிறது. ஸ்வரங்களைத் தந்திருக்கிறார், அவற்றுக்கு நடுவே நடப்பதைத் தருவதாகப் பாசாங்கு செய்யவில்லை. இதே சங்கடத்தை ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரும் அனுபவித்தார். கமகங்களுக்குத் தனித்தனியாக அடையாளங்கள் வகுத்து, 1904-இல் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டார். அவ்வளவு அடையாளங்களும் இருந்தும், அதிலுள்ள காஞ்சி ஏகாம்பரநாதர்மேலான பைரவிக் கீர்த்தனத்தைப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஒருவன் பாடினால், பைரவி நிஷாதத்தின் அசைவை அறிந்த எவரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தத் தீட்சிதருடைய குமாரர் அம்பி தீட்சிதரிடம் நேரே உட்கார்ந்து பட்டம்மாள் கற்றபோதுதான் அந்த அடையாளங்களுக்கு உயிர் வந்தது. கடிதத்தைக் கொண்டுவருகிற ஆளும் கூடவே இருந்து வாசித்துக்காட்ட வேண்டிய கடிதம் அது.

கடல் கடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1962-இல் ராபர்ட் கார்ஃபியாஸ் தொடங்கிய உலக இசைத்துறை, பல தேசத்து வித்வான்களை அழைத்து அவரவர் முறையிலேயே கற்பிக்கச் செய்தது. பிருந்தா அம்மையாரும் அவ்வாறு அழைக்கப்பட்டு அங்கே சென்று பாடம் சொன்னார். மழையும் குளிரும் மாறாத அந்நகரத்தில், காஞ்சியிலும் ஜார்ஜ் டவுனிலும் கேட்டவற்றை, தெலுங்கின் ஓர் எழுத்தும் அறியாத பிள்ளைகளுக்குக் கேட்க வைத்தார். அவருடைய பெரியன்னை ஜயம்மாளின் மகன் டி. விசுவநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் பயின்று, சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்து, 1975 முதல் 2002-இல் காலமாகும்வரை வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அவருடைய சிஷ்யர் ஜான் ஹிக்கின்ஸைப் பாகவதர் என்றே நம் ஜனங்கள் அழைத்தார்கள். 1984-இல், நாற்பத்தைந்து வயதில், குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த வண்டி மோதி அவர் மாண்டார். நயினாப் பிள்ளை போன அதே வயது. அதில் அர்த்தம் ஏதும் தேட வேண்டாம். மனசில் பட்டதைச் சொன்னேன்.

பிருந்தா அம்மையார் 1996-இல் மறைந்தார். அவருடைய வாழ்வைப் பற்றிப் பேசவந்த நான் பிறப்புக்கும் மறைவுக்கும் நடுவே அவர் எத்தனை கச்சேரி செய்தார், எங்கெங்கே மாலை போட்டார்கள் என்பவற்றைச் சொல்லவில்லை. அவரும் அவற்றைப் பெரிதாகக் கணக்கிட்டவராகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கம்பியில் கடைசியாக ஏறிய அட்டைகளில் ஒன்றை மட்டும் நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கவாத்தியக்காரர் எழுதியது, பெயர் வேண்டாம். ஞாயிறு காலை ரயிலில் வருவதாகவும், பாடுகிறவருக்குச் சளி இருப்பதால் குளிர்ந்த நீர் வைக்க வேண்டாமென்றும், தம்புராவைத் தாங்களே கொண்டுவருவதாகவும் நாலு வரி. முன்பெல்லாம் இதில் சங்கீதம் எங்கே என்று கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும், தம்புரா வந்ததும், பாட்டனார் கூடத்தில் ஜமக்காளம் விரித்ததும் அட்டையில் எப்படி இருக்கும்?

செயலாளர் அவர்கள் மணியைக் கையில் எடுத்துவிட்டார்கள். பிருந்தா அம்மையாரின் சிஷ்ய பரம்பரையில் பயிலும் ஓர் இளம்பெண் இப்போது ஒரு பதம் பாட இசைந்து, அரை மணியாகப் பக்கத்து அறையில் தம்புராவைச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பேசிய நேரமெல்லாம் எனக்கு அது கேட்டுக்கொண்டேயிருந்தது. சபையோருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அவள் பாடும்போது தயவுசெய்து யாரும் தாளம் போட வேண்டாம். போட்டால் நாம் முந்திவிடுவோம்.